வாட்சை இடது மணிக்கட்டில் மட்டும்தான் கட்ட வேண்டுமா?

கேள்வி, ஜூன் 2, 2025

வாட்ச் என்றால் இடது கை மணிக்கட்டு, டயல் வெளிப்பக்கம், அவ்வளவுதான். சட்டைக்கு மேலே கட்டுவது, உள்பக்கம் திருப்பிக் கட்டுவது, இடுப்பில் தொங்கவிடுவது, இரண்டு கையிலும் கட்டுவது எல்லாமே சீன் போடுவதுதான் என்பது என் கட்சி. எங்கள் ஆபீஸில் ஒருவர் முழுக்கைச் சட்டையின் மேல் கட்டிக்கொண்டு வருகிறார், நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். வேறு காரணம் இருந்தால் யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 2, இரவு

சிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை மெரினாவுக்குப் போய்வாருங்கள் தம்பி. எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்துக் கேட்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். உள்ளே அவருடைய வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்பார்கள். அவர் இறந்தது 1987 டிசம்பரில். அப்படியே உள்ளே வாட்ச் இருந்தாலும், சாவி கொடுக்கிற ரகம் என்றால் இரண்டு நாளில் நின்றிருக்கும், ஆட்டோமேட்டிக் என்றால் கை அசையாமல் ஓடாது, பேட்டரி என்றால் சில வருஷம். அது பக்தி, அதோடு எனக்கு வழக்கில்லை. அந்த வாட்சை அவர் எங்கே கட்டினார் என்பதுதான் விஷயம். முதலமைச்சராக இருந்த காலத்துப் படங்களைப் பாருங்கள்: வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, சட்டைக் கையின் மேல் வாட்ச். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஒருவராவது அந்தக் காலத்தில் கண்ணாடி முன்னால் நின்று அப்படிக் கட்டிப் பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 3

"அவர் சினிமாக்காரர், அவர் செய்தால் அது ஸ்டைல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, சினிமாவை விடுங்கள். இத்தாலியில் ஃபியட் கார் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஜானி அன்யெல்லி, 2003-இல் இறந்தார். ஆண்கள் உடை பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அவரை விடுவதில்லை. அவருடைய அடையாளமே சட்டையின் கஃப் (சட்டைக் கையின் பட்டன் போடுகிற முனை) மேல் கட்டிய வாட்ச்தான். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை: கையை மடக்கிச் சட்டையை விலக்கிப் பார்க்க அவருக்கு நேரமில்லை என்று ஒன்று, அளவெடுத்துத் தைத்த கஃப் அவ்வளவு இறுக்கம், உள்ளே வாட்ச் போகாது என்று இன்னொன்று, உலோகம் பட்டால் தோல் அரித்தது என்று மூன்றாவது. டையை ஸ்வெட்டருக்கு வெளியே விட்டுக்கொள்கிற ஆசாமி அவர், எனவே முதல் இரண்டையும் நான் அவ்வளவாக நம்பவில்லை. மூன்றாவதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதில் நம் ஊர் வெயிலுக்குச் சரக்கு இருக்கிறது.

ஜூன் 4

இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். மணிக்கட்டில் கட்டுவதே ஒரு காலத்தில் ஆம்பளைக்கு அழகில்லை என்று சிரிப்பதற்குரிய விஷயமாக இருந்தது. கைக்கடிகாரம் என்பது நகை. 1868-இல் சுவிஸ் கம்பெனி படேக் ஃபிலிப் செய்த கைக்கடிகாரம் ஹங்கேரியைச் சேர்ந்த ஒரு சீமாட்டிக்காக. ஆண்கள் கோட்டுப் பையில் செயின் போட்டு வைத்திருந்தார்கள், நேரம் பார்க்க வேண்டுமென்றால் எடுத்து, மூடியைத் திறந்து, பார்த்து, மூடி, உள்ளே போட வேண்டும். குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு கையில் கடிவாளம், இன்னொரு கையில் துப்பாக்கி என்றால் இது நடக்குமா? 1899-இல் தொடங்கிய போயர் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பாக்கெட் வாட்சை ஒரு தோல் கிண்ணத்தில் செருகி வாரோடு கையில் கட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்து அளவில் அது கிறுக்குத்தனமான வேலைதான்.

பிறகு 1904-இல் பாரிஸில் ஆகாயக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த பிரேசில்காரர் சாண்டோஸ் டுமோன்ட், பிடியிலிருந்து கையை எடுக்காமல் நேரம் பார்க்க வழி கேட்டு, நகை வியாபாரியான நண்பர் லூயி கார்டியே அவருக்காக ஒரு கைக்கடிகாரம் செய்து கொடுத்தார். ஆனால் ஊர் முழுக்க மாறியது முதல் உலகப் போரில். பதுங்குகுழியில் எல்லோரும் ஒரே நிமிஷத்தில் எழுந்து ஓட வேண்டும், முன்னால் பீரங்கிக் குண்டு விழுவது எப்போது நிற்கும் என்று தெரிய வேண்டும். அங்கே பையில் கைவிட்டுத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கண்ணாடி உடையாமலிருக்க டயல் மேல் கம்பி வலை போட்ட வாட்ச்கள் அந்தப் போரில் வந்தவை. போர் முடிந்து திரும்பியவர்களைப் பார்த்துப் பொம்பளை நகை போட்டிருக்கிறாய் என்று யார் சொல்வது?

ஆக நீங்கள் சொல்கிற "முறை"க்கு நூறு வயசுதான் ஆகிறது.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

நூற்றிச் சொச்சம். சண்டைக்கு வராதீர்கள்.

ஜூன் 6

உள்பக்கம் திருப்பிக் கட்டுவது. இதைச் சீன் என்று சொன்னதுதான் எனக்குக் கோபம். பார்க்கவே தெரியாத இடத்தில் கட்டுவது எப்படிச் சீன் ஆகும்?

டவுன் பஸ்ஸில் பழைய கண்டக்டர்களைக் கவனித்திருக்கிறீர்களா? டிக்கெட் கட்டு இடது கையில், உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கும், விரல்களுக்கு நடுவே நோட்டு நீளவாக்கில் மடித்துச் செருகியிருக்கும். அந்த நிலையில் கையின் எந்தப் பக்கம் அவர் முகத்தைப் பார்க்கிறது? உள்பக்கம். வெளிப்பக்கம் கட்டியிருந்தால் நேரம் பார்க்கக் கையைத் திருப்ப வேண்டும், திருப்பினால் சில்லறை கொட்டும். டயல் உள்ளே இருந்தால் டிக்கெட் கிழிக்கிறபோதே கண்ணில் படுகிறது, அடுத்த ஸ்டாப்பில் டைம் கீப்பரிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. வாத்தியார்களும் இப்படித்தான். இடது கையில் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தும்போது மணிக்கட்டின் உள்பக்கம் அவரைப் பார்த்திருக்கும். பெல் அடிக்க எவ்வளவு நேரம் என்று அவர் பார்த்தது முன் பெஞ்சுக்குக்கூடத் தெரியாது. வெளிப்பக்கம் கட்டிய வாத்தியார் கையைத் தூக்கிப் பார்த்தால் வகுப்பு மொத்தமும் புத்தகத்தை மூடிவிடும். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் வெளிப்பக்கத்து டயல் குழந்தை முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.

ராணுவத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. கண்ணாடியில் வெயில் பட்டு மின்னினால் எதிரிக்கு அடையாளம், அதனால் உள்ளே. துப்பாக்கியை இடது கையால் தாங்கிப் பிடிக்கிறபோது உள்பக்க டயல் தானாக மேலே வருகிறது.

ஒரு கெடுதல் உண்டு. மேஜையில் கை வைத்து எழுதுகிறவர்களுக்கு, கம்ப்யூட்டரில் தட்டுகிறவர்களுக்கு, டயல் கண்ணாடி நேராக மேஜை விளிம்பில் உராயும். லேப்டாப் ஓரமும் கீறும், வாட்சும் கீறும். உட்கார்ந்த வேலைக்கு இது ஒத்துவராது.

ஜூன் 7

பெண்கள் உள்பக்கம் கட்டுவதற்கு அடக்கம்தான் காரணம் என்று ஒருவர் எழுதியிருப்பதற்கு என் மனைவி படித்துவிட்டுச் சொன்னது: "அடக்கமெல்லாம் இல்லை, பாத்திரம் கழுவும்போது கண்ணாடி குழாயில் இடிக்காது, அதுதான்." இத்தோடு அந்தத் தலைப்பை முடித்துக்கொள்ளலாம்.

ஜூன் 9

என் கதைக்கு வருகிறேன். நான் கோயம்புத்தூரில் பட்டறைக்காரன், பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைகிறோம். லேத்தில் நிற்கிறவன் கையில் வாட்ச், மோதிரம், கோயில் கயிறு எதுவும் இருக்கக் கூடாது என்பது இங்கே முதல் பாடம். சக் (இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற பாகம்) சுற்றிக்கொண்டிருக்கும்போது ஏதாவது ஒன்று மாட்டினால் மெஷின் நிற்காது, கைதான் போகும். பருத்திக் கயிறு என்றால் அறுந்து தொலையும், நைலான் கயிறு அறாது. புதுப் பையன்களிடம் கயிறைக் கழற்றச் சொல்வது பெரும்பாடு, பழனியில் கட்டியது என்பான், அம்மா திட்டும் என்பான். கழற்றிப் பையில் வை, சாமி அங்கேயும் இருப்பார் என்று சொல்லித்தான் உள்ளே விடுவேன். எலெக்ட்ரீஷியனுக்கும் இது பொருந்தும், ஸ்பானர் பிடித்த கையில் ஸ்டீல் செயின் வாட்சோடு பேட்டரி டெர்மினலில் வேலை செய்து, செயின் குறுக்கே பட்டுப் பழுத்துத் தோலில் வளையமாகச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

அப்படியென்றால் வாட்ச் எங்கே போகும்? சட்டைப் பையில் போட்டால் குனியும்போது விழும். விழுகிற இடம் இரும்புத் துருவலும் கூலன்ட் தண்ணீரும் கலந்த தட்டு. பேன்ட் பையில் போட்டால் சாவிக் கொத்தோடு உரசும். நான் பல வருஷமாகச் செய்வது இது: பழைய ஹெச்எம்டி ஒன்று, தோல் ஸ்ட்ராப். பக்கிள் இருக்கிற பாதி ஸ்ட்ராப்பைக் கழற்றி எறிந்துவிட்டேன். ஓட்டைகள் இருக்கிற நீளப் பாதியை மட்டும் வைத்து, அதன் நுனியைப் பேன்ட்டின் பெல்ட் லூப்பில் சுற்றி மடக்கி, இரண்டு ஓட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒரு சின்ன ஸ்க்ரூ நட்டுப் போட்டு முடுக்கிவிட்டேன். மேலே ஏப்ரன் வந்துவிடும், எதிலும் மாட்டாது.

இதில் ஒரு சூட்சுமம். பக்கிள் பாதி எப்போதும் 12 பக்கத்தில் இருக்கும், ஓட்டைப் பாதி 6 பக்கத்தில். ஆக ஓட்டைப் பாதியில் தொங்கவிட்டால் 12 கீழே வரும். எதிரில் நிற்கிறவனுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் நான் குனிந்து வாட்சை மேலே தூக்கினால் எனக்கு நேராக இருக்கும். மாற்றிக் கட்டியிருந்தால் ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கும். முதலில் பார்க்கிறவர்கள் எல்லோரும் "வாட்ச் தலைகீழா தொங்குதுங்க" என்பார்கள். ஆமாங்க, உங்களுக்கு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

ஜூன் 10

மேலே சொன்னதை நான் கண்டுபிடித்ததாக நினைத்துவிடாதீர்கள். நர்ஸ்கள் நூறு வருஷமாக வைத்திருக்கிற ஏற்பாடு அது. நெஞ்சில் ஊக்குக் குத்தி, டயல் தலைகீழாகத் தொங்குகிற குட்டி வாட்ச். நாடி பிடிக்கிற கை நோயாளியின் மணிக்கட்டில் இருக்கும், கண் மட்டும் கீழே பார்த்தால் போதும், நொடி முள்ளைப் பார்த்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டியது. கையில் இல்லாததால் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவலாம். இங்கிலாந்தில் 2007-இல் அரசாங்கமே, நோயாளியைத் தொடுகிறவர்கள் முழங்கைக்குக் கீழே வாட்ச், மோதிரம், முழுக்கை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது, ஸ்ட்ராப்புக்கு அடியில் கிருமி தங்குகிறது என்பதால். நம் ஊரில் நர்ஸ்கள் பெரும்பாலும் கையில்தான் கட்டுகிறார்கள். நொடி முள் இருக்கிற வாட்சாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பு.

ஜூன் 11

"இடுப்பில் தொங்கவிட்டால் காந்தி ஆகிவிட முடியுமா?" என்று ஒருவர் கேட்கிறார். முடியாது. ஆனால் கேட்டதால் சொல்கிறேன். கோட்டும் இல்லை, சட்டையும் இல்லை, பை என்பதே இல்லாத ஒரு மனிதர் வாட்சை எங்கே வைப்பார்? இடுப்புத் துணியில்தான் தொங்கவிட்டுக்கொண்டார். இந்திரா காந்தி கொடுத்த ஜெனித் அலாரம் வாட்ச் ஒன்று அவரிடம் இருந்தது. 1947-இல் கான்பூரில் யாரோ திருடி, சில மாதம் கழித்துத் திருடியவனே திருப்பிக் கொடுத்தான். 2009-இல் நியூயார்க்கில் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணத்தோடு ஒரு ஜெனித் பாக்கெட் வாட்சும் ஏலத்துக்கு வந்து, 18 லட்சம் டாலருக்கு எடுத்தது யார் தெரியுமா? சாராயக் கம்பெனி முதலாளி விஜய் மல்லையா. மதுவிலக்குக்காக அவ்வளவு பேசிய மனிதரின் வாட்ச்.

ஜூன் 12

இரண்டு வாட்ச் கட்டுகிறவர்கள். 2010 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா கோச்சாக நின்ற மரடோனா, சூட் போட்டுக்கொண்டு, கைக்கு ஒன்றாக இரண்டு வாட்ச். ஒன்று அர்ஜென்டினா நேரத்துக்கு என்பார்கள். 1963-இல் மாஸ்கோ போன ஃபிடல் காஸ்ட்ரோவின் படம் ஒன்று இருக்கிறது, ஒரே கையில் இரண்டு ரோலக்ஸ், பக்கத்தில் சோவியத் தலைவர் குருஷேவ், சுவரில் கார்ல் மார்க்ஸ். அந்தப் படத்துக்கு விளக்கம் தேவையில்லை. ஃபுட்பால் ரெஃபரிகளும் இரண்டு கட்டுவார்கள்: ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், இன்னொன்றை ஆட்டம் தடைபடும்போது நிறுத்துவார்கள். இது வேலை, அது வேடிக்கை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற அப்பா அம்மாக்கள் இதைச் செய்தால் நான் சிரிக்க மாட்டேன். போன் உலக நேரமெல்லாம் காட்டும், சரிதான். ஆனால் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, பையன் இப்போது எழுந்திருப்பான் என்று கையைப் பார்த்துச் சொல்வதற்குப் போனை எடுத்து, கண்ணாடியைத் தேடி, கைரேகை வைத்து... போதும்.

ஜூன் 12, பின்குறிப்பு

இரண்டு வாட்ச் என்றதும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. 1945 மே மாதம் பெர்லினில் ரைக்ஸ்டாக் என்கிற ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் சோவியத் வீரர்கள் கொடி பிடிக்கிற படம், எல்லோரும் பார்த்திருப்பீர்கள், யெவ்கேனி கால்தேய் எடுத்தது. கொடிக்காரரைக் கீழிருந்து தாங்குகிற வீரருக்கு இரண்டு கையிலும் வாட்ச் இருந்தது. கொள்ளையடித்ததாகத் தெரியும் என்று பிரசுரிப்பதற்கு முன்னால் வலது கை வாட்சை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அது வாட்சே இல்லை, கையில் கட்டுகிற திசைகாட்டி என்று பிற்பாடு வாதாடியவர்களும் உண்டு. திசைகாட்டி என்றால் எதற்கு ஐயா சுரண்டினீர்கள்?

ஜூன் 15

சட்டைக்கு மேல் என்ற பேச்சுக்குத் திரும்புவோம். வேறு வழியே இல்லாமல் துணிக்கு மேல் கட்டியவர்கள் மூன்று கூட்டம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானத்தில் வழி கணிக்கிறவர்களுக்குக் கொடுத்த வாட்ச் 55 மில்லிமீட்டர் அகலம், நம் ஊர் ஊறுகாய் பாட்டில் மூடி. குளிருக்குப் போட்ட தோல் ஜாக்கெட்டின் மேல் கட்ட நீள ஸ்ட்ராப். சாவிக் குமிழ் வெங்காயம் மாதிரி பெரியது, கையுறையோடு திருகுவதற்கு.

நிலாவுக்குப் போனவர்கள். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை விண்வெளி உடைக்கு மேல் நீளமான வெல்க்ரோ பட்டையில் கட்டினார்கள். 1969-இல் ஆல்ட்ரின் அதைக் கட்டிக்கொண்டு நிலாவில் இறங்கினார். ஆம்ஸ்ட்ராங் தன்னுடையதைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டார், உள்ளே இருந்த கடிகாரம் வேலை செய்யாததால். அடுத்த வருஷம் அப்போலோ 13-இல் மின்சாரம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பாதையைத் திருத்த 14 நொடி எஞ்சினை ஓட்டியபோது நேரம் பார்த்தது கலத்தில் இருந்த ஸ்விகெர்ட்டின் கையில் இருந்த வாட்சில்தான்.

கடலில் இறங்குகிறவர்கள். இவர்களுடையதில்தான் எனக்குப் பிடித்த நுணுக்கம் இருக்கிறது. ரப்பர் உடைக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், ஆழம் போகப் போக நீரழுத்தத்தில் உடை நசுங்கி மெலிகிறது, கரையில் இறுக்கமாக இருந்த வாட்ச் அடியில் லொடலொடவென்று சுற்றுகிறது. அதற்காகவே சில ரப்பர் ஸ்ட்ராப்களில் துருத்தி மாதிரி மடிப்பு வைத்தார்கள், மேலே இழுத்து விரித்துக் கட்டினால் கீழே போகும்போது தானாகச் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். தள்ளுபடிகூடப் பார்க்காமல் அந்த மடிப்பைக் கடையில் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 16

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில், நான் இதுவரைக்கும் எழுதியதில் ஓர் ஓட்டை இருக்கிறது. வேலைக்காகக் கட்டினால் சரி, இல்லாவிட்டால் சீன் என்று நானும் உங்கள் கட்சிக்கே வந்துகொண்டிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் எம்.ஜி.ஆரும் அன்யெல்லியும் அடிபடுகிறார்கள். அவர்கள் கடலிலும் இறங்கவில்லை, லேத்திலும் நிற்கவில்லை.

வேறு மாதிரி பார்க்கலாம். டயல் யாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது? நர்ஸின் வாட்சும் என் பெல்ட் லூப் வாட்சும் கட்டியவருக்கு மட்டும் நேர், ஊருக்குத் தலைகீழ். கண்டக்டரின் வாட்சை ஊர் பார்க்கவே முடியாது. சட்டைக்கு மேல் கட்டியது எல்லோருக்கும் தெரியும், கட்டியவருக்கும் சௌகரியம். கூட்டத்தில் கையை உயர்த்துகிற ஒரு தலைவருக்குத் தூரத்திலிருந்து தெரிவதே வேலைதான், தொப்பியும் கண்ணாடியும் அதற்குத்தானே. அதைச் சீன் என்றால், ஆமாம், சீன்தான், அதிலென்ன தப்பு? தலை சீவிக்கொள்வதும் அதே சீன்தான். உங்கள் ஆபீஸ்காரர் யாரையும் இடிக்கவில்லை.

ஜூன் 19

சரி, அரிப்பு விஷயம். ஒருவர் தனியாகவே கேட்டிருக்கிறார், ஸ்ட்ராப் கட்டின இடம் சிவந்து பொரிப்பொரியாக வருகிறது என்று. இரண்டு சமாச்சாரம். வெயில் காலத்தில் வேர்வையும் சோப்பும் ஸ்ட்ராப்புக்கு அடியில் தங்கி வருவது ஒன்று, இது கையை மாற்றிக் கட்டினால், ராத்திரி கழற்றி வைத்தால், ஸ்ட்ராப்பைக் கழுவிக் காய வைத்தால் போய்விடும். மலிவான வாட்ச்களில் முலாம் தேய்ந்து உள்ளே இருக்கிற நிக்கல் தோலில் படுவது இன்னொன்று, இது பின்மூடியும் பக்கிளும் படுகிற இடத்தில் மட்டும் அச்சாக வரும். டாக்டரிடம் காட்டுங்கள், களிம்பு அவர் கொடுப்பார். கட்டுகிற விதத்தில் நாம் செய்யக்கூடியது: வாட்சுக்கு அடியிலும் ஓடுகிற ஒரே நீள நைலான் பட்டை கிடைக்கிறது, 1973-இல் பிரிட்டிஷ் ராணுவம் தனக்காக வரையறுத்த ரகம். அதைப் போட்டால் பின்மூடி தோலில் படாது. இன்னொரு லாபம், ஸ்ட்ராப்பை வாட்சோடு பிடிக்கிற ஸ்பிரிங் பின் ஒரு பக்கம் உடைந்தாலும் வாட்ச் கீழே விழாமல் பட்டையிலேயே தொங்கும். அதுவும் ஆகவில்லையென்றால் அன்யெல்லி வழி, சட்டைக்கு மேல்.

அதையும் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது செய்து பார்த்தேன். பாலியெஸ்டர் சட்டையில் நிற்கவே நிற்காது, வழுக்கி முழங்கைக்கு ஏறும், கையைத் தொங்கவிட்டால் இறங்கி விரல் முட்டியில் இடிக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சட்டையில் கஃப் பட்டனுக்கு மேலே கட்டினால் அசையாமல் நின்றது. வழக்கமான ஓட்டையிலிருந்து ஓர் ஓட்டை தள்ளிக் கட்ட வேண்டும். பந்தியில் வாட்ச் மேல் ரசம் தெறித்தது, அது எங்கே கட்டினாலும் தெறித்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை, ஒரு சித்தப்பா மட்டும் "என்னடா, தலைவர் ஞாபகமா?" என்றார்.

ஜூன் 22

விட்டுப்போனவை, வரிசையெல்லாம் இல்லை.

மோதிர வாட்ச். கேலி செய்யாதீர்கள், கேசியோவே 2024 டிசம்பரில் ஒன்று விட்டது, முழு டிஜிட்டல் வாட்சைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி விரலில். ஸ்டாப்வாட்ச்கூட இருக்கிறது. என் விரலுக்கு அந்த எழுத்து தெரியாது, அதாவது கண்ணுக்கு.

பேனா வாட்ச். பர்மா பஜாரிலிருந்து யாராவது வாங்கிவந்தால் ஸ்கூலில் அவன் ராஜா. மூடிக்குக் கீழே டிஜிட்டல் எண். பேனா எழுதுவதற்கு முன்னால் நேரம் நின்றுவிடும்.

திருப்பிக் கட்டுவது என்றால் மணிக்கட்டில் மட்டும்தானா? ஜெகர் லகூல்த்ரின் ரெவர்ஸோ, 1931-இல் வந்தது, கட்டின இடத்திலேயே டயலைக் குப்புறத் திருப்பி உள்ளே தள்ளிவிடலாம். வெளியே வெறும் ஸ்டீல் முதுகு. பிரிட்டிஷ் இந்தியாவில் போலோ ஆடிய அதிகாரிகளுக்குப் பந்தும் மட்டையும் பட்டுக் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்ததால் வந்த யோசனை. இதை நம் ஊர் வாட்ச் கம்பெனி யாராவது கில்லி விளையாடுகிற பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கலாம்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு டயலையே சாய்த்து வைத்து வாஷரோன் கான்ஸ்டன்டின் கம்பெனி 1921-இல் செய்தது. ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது மணிக்கட்டைத் திருப்பாமல் நேராகத் தெரியும். அந்த விலைக்கு நமக்குக் காரே வந்துவிடும்.

கச்சேரியில் பாடகர் வாட்சைக் கழற்றிக் கண் எதிரே மேடையில் வைத்துக்கொள்வது. இதை அணிவதில் சேர்ப்பதா? சேர்க்கலாம். மிருதங்கக்காரர் கையில் இருக்கவே முடியாது.

நீட் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளே, நீங்கள் எங்கேயும் கட்ட முடியாது. சுவரைப் பாருங்கள்.

ஜூன் 24

வலது கையில் கட்டலாமா என்று கேட்கிறார்கள். கட்டுங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுதான் வசதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சாவிக் குமிழ் 3 பக்கம் இருப்பதால் வலது கையில் முழங்கைப் பக்கம் பார்க்கும். நல்லதுதான், மணிக்கட்டை மடக்கும்போது புறங்கையில் குத்தாது. ஆனால் தினம் சாவி கொடுக்கிற வாட்ச் என்றால் கையில் வைத்துக்கொண்டே திருகாதீர்கள், கோணலாக இழுத்துத் தண்டு தேயும். கழற்றிக் கொடுங்கள், எந்தக் கையில் கட்டினாலும்.

ஜூன் 27

பெல்ட் லூப் முறையைப் பார்த்துவிட்டு எங்கள் பட்டறையில் சர்ஃபேஸ் கிரைண்டரில் (இரும்பின் மேல்பரப்பைத் தேய்த்துச் சமமாக்குகிற மெஷின்) நிற்கிறவரும் அதேபோல் தொங்கவிட்டார். சாவி கொடுக்கிற வாட்ச். பத்து நாளில் அது ஓட்டமாக ஓட ஆரம்பித்துவிட்டது, ஒரு நாளைக்கு இத்தனை நிமிஷம் என்று முன்னால் போகிறது. காரணம் இடத்தில்தான் இருக்கிறது. கிரைண்டரின் மேஜை முழுக்கக் காந்தம், அது சரியாக இடுப்பு உயரம். வாட்சுக்குள்ளே இருக்கிற மயிரிழைச் சுருள்வில்லில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வில் குட்டையான மாதிரி ஆகி வேகமாக அடிக்கும். லேத்தில் நிற்கிற எனக்கு இந்தத் தொல்லை இல்லை. காந்த மேஜையில் நிற்கிறவர்கள் நெஞ்சுப் பக்கம் நர்ஸ் மாதிரி மாட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேட்டரி வாட்ச் வாங்குங்கள், அது காந்தத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் தள்ளிக் கொண்டுவந்ததும் மறுபடி ஓடும், நேரத்தை மட்டும் சரி செய்துகொள்ள வேண்டும்.

உங்கள் வாட்சுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு சின்னத் திசைகாட்டியை அதன் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள் வாட்சைப் பார்த்து ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. பழைய வாட்ச் ரிப்பேர் கடை எதிலும் காந்தம் எடுக்கிற பெட்டி இருக்கும், மேலே வைத்துப் பட்டனை அழுத்தி, அப்படியே விலக்கி எடுப்பார். பின்மூடியைத் திறக்கவே வேண்டாம், திறக்கணும் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.